கேம்பரின் கொக்கி

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு, மூன்று வருடங்களாக நாங்கள் டென்மார்க்கில் எங்கள் ஊரான ரண்டர்ஸை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கவில்லை. கிழமையில் மூன்று நாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். இரத்தம் ஒரு குழாயால் வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாயால் உள்ளே வரும். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமலே படுத்துவிடுவார். தலைநகருக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கும் அவருடைய தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோதுகூடக் காலையில் போய் அன்றைக்கே திரும்பினோம். கடலுக்கு மேலால் போகும் பெரிய பாலத்தைத் தாண்டும்போது அவர் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒரு கிழமை கடற்கரையில போய் இருக்க ஏலுமெண்டா..." என்றார்.

வழி சொன்னவள் ஆஸ்பத்திரித் தாதி. முன்கூட்டியே கேட்டால் வேறு ஊர் ஆஸ்பத்திரிகளிலும் சில நாட்களுக்கு இயந்திரத்தில் இடம் தருவார்களாம். மேற்குக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜூன் கடைசியில் இடம் இருந்தது. எங்களைக் கேட்டுவிட்டு அவளே பதிந்துவிட்டாள்.

கேம்பர் வந்ததும் அந்த வசந்தத்தில்தான். தொழிற்சாலையில் என் கணவரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், தன்னிடம் இருந்த, உள்ளே தங்கிப் பயணம் செய்யும் பழைய கேம்பர் வானை எங்களுக்குக் கொடுத்தார். விற்றார் என்பதைவிடக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தனியே அதில் போக மனமில்லை, முற்றத்தில் நின்று பாசி பிடிக்கிறது என்றார். உள்ளே ஒரு கட்டில், இரண்டு தட்டு அடுப்பு, சின்னக் கழிப்பறை. களைத்தால் அவர் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கலாம். அவருடைய சாப்பாட்டை நானே சமைக்கலாம். மரக்கறியை வெட்டி, பொட்டாசியம் போக ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவித்துத்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். உணவுக்கடைக்காரனிடம் இதையெல்லாம் விளங்கப்படுத்த முடியாது.

ஒரு சிக்கல் இருந்தது. கேம்பரைக் கடற்கரை முகாமில் நிறுத்திவிட்டால், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் கார் வேண்டும். விடுமுறையில் இருப்பவர்களை ஏற்ற நோயாளர் வண்டி வராது. சிகிச்சை முடிந்து இரத்த அழுத்தம் விழுந்த ஆளை பஸ் தரிப்பிடத்தில் நிறுத்திவைக்கவும் முடியாது. எங்களிடம் ஒரு சின்னக் கார் இருந்தது. அதை ட்ரெய்லரில் ஏற்றி, கேம்பரின் பின்னால் இழுத்துக்கொண்டு போவது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பாரமான ட்ரெய்லர் இழுக்கும் லைசென்ஸ் அவரிடம் இருந்தது. சிகிச்சை இல்லாத நாளில் ஓட்டலாம் என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

"நீர் பக்கத்தில இருந்து கதைச்சுக்கொண்டு வந்தாக் காணும்," என்றார் என்னிடம். அவர் அப்படி ஒரு உற்சாகத்தோடு பேசி நீண்ட காலமாகியிருந்தது.

கேம்பரின் பின்னால் இழுவைக் கொக்கி இருந்தது. தடித்த இரும்புக் கழுத்து, அதன் நுனியில் உருண்டை. அதன்மேல் ஏறி நின்றாலும் அசையாது. கேம்பரைத் தந்தவர் அதைக் காலால் தட்டிக் காட்டி, "கோடை தவறாமல் இதில்தான் எங்கள் படகை இழுத்தோம். ஒருநாளும் முனகியதில்லை," என்று சொல்லியிருந்தார். என் கணவருக்கு அந்தச் சொல்லே போதும். எனக்குப் போதவில்லை.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எழும்ப முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்ற ஒரு தூக்கி இருக்கிறது. துணித் தொட்டிலில் ஆளை வைத்து, தொட்டிலைக் கொக்கியில் மாட்டித் தூக்குவோம். தூக்கும் முன் கொக்கியில் எழுதியிருக்கும் பாரத்தைப் பார்க்க வேண்டும். தையலைப் பார்க்க வேண்டும். நேற்றுத் தூக்கியது என்பது இன்றைக்குச் சாட்சி இல்லை என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். ஆகவே கேட்டேன்.

"இது எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு எங்க எழுதியிருக்கு?"

"இருக்கும். கீழ எங்கையும் தகடு இருக்கும்."

கீழே போகப் பார்த்தார். நான் விடவில்லை. அவருடைய இடது கையில், ஊசி குத்துவதற்காக இரண்டு இரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் பூனையின் வயிறுபோல அதிரும். அந்தக் கையில் அடிபடக் கூடாது, அது நசியக் கூடாது. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, பெட்டி அட்டையை விரித்து நான் கீழே நுழைந்தேன்.

தகடு கொக்கியின் கழுத்தோடு இருந்தது. மேலே யாரோ கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். பழைய கத்தியால் சுரண்டச் சுரண்ட எண்கள் தெரிந்தன. நான் வாசித்தேன், அவர் மேலிருந்து எழுதினார். எஞ்சின் பக்கத்துத் தகட்டில், கேம்பர் தனியே எவ்வளவு கனக்கலாம், பின்னால் இழுபடும் வண்டியோடு சேர்த்து எவ்வளவு கனக்கலாம் என்று இருந்தது. வாகனப் பதிவுப் பத்திரத்தில் இழுக்க அனுமதித்த பாரம் இருந்தது. மூன்றிலும் எது குறைவோ அதுதான் எங்கள் எல்லை என்றார். அது சரிதான். மறுநாள் மண்ணும் கல்லும் விற்கும் இடத்துக்குக் கேம்பரைக் கொண்டுபோய், அங்கே லொறிகளை நிறுக்கும் தராசில் ஏற்றினோம். நாங்கள் நினைத்ததைவிடக் கூடவே கனத்தது. அவர் காரையும் ட்ரெய்லரையும் கூட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்தால் எல்லைக்குள் நிற்கும்.

"இப்ப சந்தோசமே?" என்று கேட்டார்.

கீழே படுத்திருந்தபோது என் கன்னத்தில் ஏதோ விழுந்திருந்தது. முட்டை ஓடு அளவு தடிப்பில், மண்ணிறத்தில், விரலால் அழுத்தினால் பொடியாகும் ஒரு துருத் துண்டு. கொக்கியிலிருந்து விழவில்லை. கொக்கியைப் பூட்டியிருந்த நீளச் சட்டத்திலிருந்து விழுந்தது. எடுத்து வைத்திருந்ததை இப்போது அவருக்குக் காட்டினேன்.

"மேல் கறள். பழைய வாகனமெல்லே," என்றார்.

"ஒருக்கா கராஜில காட்டுவம்."

"நான் இரும்போட வேலை செய்தவன்."

"தெரியும். நீங்கள் கீழ போய்ப் பாக்கேல்லையே. நான்தானே பாத்தது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார்.

கராஜ்காரர் எங்கள் வயதுடையவர், அதிகம் பேசாதவர். கேம்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு எங்களையும் கீழே கூப்பிட்டார். அவர் காட்டிய பிறகுதான் எனக்கு அமைப்பு விளங்கியது. வாகனத்தை முதலில் செய்த தொழிற்சாலையின் தடித்த சட்டம் பின்சில்லுக்குச் சற்றுப் பின்னால் முடிந்துவிடுகிறது. அதன்மேல் வீட்டைக் கட்டியவர்கள், பின்பக்கத்தை நீட்டுவதற்காக மெல்லிய பெட்டிச் சட்டங்களை ஒட்டியிருக்கிறார்கள். கொக்கி அந்த மெல்லிய சட்டங்களில்தான் பூட்டப்பட்டிருந்தது.

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். தடித்த சட்டத்தில் மணிபோலக் கேட்டது. பின்னால் போகப் போகச் சத்தம் அடங்கியது. கொக்கிக்குப் பக்கத்தில் ஈர மரத்தில் தட்டியது போல இருந்தது. சுத்தியலை வைத்துவிட்டு ஒரு திருப்புளியை எடுத்து அந்த இடத்தில் அழுத்தினார். பெரிய பலம் ஒன்றும் போடவில்லை. திருப்புளி பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது கறள் மாவுபோலக் கொட்டியது.

"கொக்கி நல்ல கொக்கி," என்றார். "அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இல்லை. பூச்சு மட்டும் நிற்கிறது."

"சின்னக் கார்தான்," என்றார் என் கணவர். "மெதுவாகத்தான் ஓட்டுவேன்."

"நீ மெதுவாக ஓட்டலாம். முன்னால் போகிறவன் பிரேக் போட்டால்?"

சட்டத்தை மாற்றலாமா என்று நான் கேட்டேன். மாற்றலாம், ஆனால் பின்பக்கத் தரையையும் தொட்டியையும் கழற்ற வேண்டும், இலையுதிர்காலத்துக்கு முன் முடியாது என்றார். இழுக்காமல் ஓட்டுவதற்குப் பயமில்லை, பின்பெட்டியில் பாரம் வைக்காதீர்கள் என்றும் சொன்னார். கொக்கியை அங்கேயே கழற்றித் தரச் சொன்னேன். என் கணவர் வெளியே போய் நின்றார்.

வீட்டுக்கு அவரே ஓட்டி வந்தார். முற்றத்தில் கேம்பரை நிறுத்திய பிறகும் இறங்காமல் இருந்தார்.

"கழட்டாமல் விட்டிருக்கலாம்," என்றார். "ஒருக்காத் தானே. போக ஒருக்கா, வர ஒருக்கா."

"எங்களுக்கு ஒண்டும் நடக்காதப்பா. கழண்டு போறது பின்னால. பின்னால வாற கார்ல பிள்ளையள் இருக்கும்."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம்," என்றார். "நான் அதை நினைக்கேல்லை. கடலைத்தான் நினைச்சனான்."

நான் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கேம்பரைத் தந்தவர், முன்பந்தலுக்கான கம்பிகளைக் கொண்டுவந்தார். கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். சொல்லாமல் விடுவோமா என்று யோசித்தேன். ஆனால் கொக்கி இல்லாத இடத்தை அவரே கண்டுவிட்டார். என் கணவர் நடந்ததைச் சொன்னார். கேட்டவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உப்புத் தண்ணீர்," என்றார். "படகை இறக்கும்போது பின்சில்லு நனையும்வரை கடலுக்குள் விடுவேன். என் மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்று இன்னும் வா, இன்னும் வா என்று கை காட்டுவாள். அது சட்டத்துக்குள் போய் அங்கேயே தங்கியிருக்கிறது."

பிறகு சொன்னார்: "கடைசிக் கோடையிலும் இழுத்தோம். அவள் என் பக்கத்தில் இருந்தாள். நெடுஞ்சாலையில்."

ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அந்தச் சாலையை அவர் மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. போகும்போது என் கணவரை அணைத்துக்கொண்டார். இருபது வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள், அதற்கு முன் அப்படி அணைத்து நான் கண்டதில்லை.

ஓகூஸில் இருக்கும் எங்கள் மகள், கடற்கரையில் கோடை வீடு ஒன்று வாடகைக்கு எடுங்கள், இல்லாவிட்டால் நான் லீவு போட்டுக் காரை ஓட்டி வருகிறேன் என்று தொலைபேசியில் டேனிஷில் சொன்னாள். அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "நீர் உம்மட பாட்டைப் பாரும் பிள்ளை," என்று அவர் தமிழில் மறுத்தார். ஆஸ்பத்திரியில் பதிந்த இடத்தையும் விட்டுவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் சொன்னேன்.

"கேம்பரை நான் ஓடுறன். காரை நீங்கள் கொண்டு வாங்கோ."

"நீர் ஓடுவீரோ? அது ஒரு வீடெல்லே."

"பழக்கிவிடுங்கோ."

எனக்குப் பயம் இல்லாமலில்லை. சின்னக் காரைத் தவிர வேறொன்றையும் நான் ஓட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைப் பக்கத்து வெறும் வாகனத் தரிப்பிடத்தில் பழகினோம். அவர் பக்கத்தில் இருந்தார். வளைக்கும்போது பின்பக்கம் வெளியே வீசும், அதைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தடவை விளக்குக் கம்பத்தைத் தொடப் பார்த்தேன். அவர் சத்தம் போடவில்லை. "நிப்பாட்டும். மூச்சு விடும். இப்ப பின்னுக்கு எடும்," என்றார். கலியாணம் செய்து இத்தனை வருடத்தில் அவ்வளவு பொறுமையாக அவர் எனக்கு ஒன்றையும் சொல்லித் தந்ததில்லை.

புறப்பட்ட நாளில் மேகம் இருந்தது, மழை இல்லை. நான் முன்னால், அவர் பின்னால். வீபோர்க் நகரைத் தாண்டும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒன்றாக இருந்து கதைத்துக்கொண்டு போகத்தான் அவர் ஆசைப்பட்டார். இப்போது ஆளுக்கொரு வாகனத்தில், நான் அவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போனேன். சின்னக் கார், அதற்குள் தொப்பி போட்ட ஒரு தலை. சில இடங்களில் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஹொல்ஸ்டபுரோ நகரை நெருங்கும்போது கண்ணாடியில் கார் இல்லை.

வளைவில் மறைந்திருக்கும் என்று நினைத்தேன். வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்தது. இல்லை. என்னால் அந்தச் சாலையில் கேம்பரைத் திருப்ப முடியாது. பஸ் தரிப்பிடம் ஒன்றில் ஒதுக்கி நிறுத்தி அழைத்தேன். அவர் எடுக்கவில்லை. ஓட்டும்போது அவர் போன் எடுப்பதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி மறுபடி அழைத்தேன். தலைசுற்றி ஓரத்தில் சாய்ந்திருப்பாரோ, இதயம் நின்றிருக்குமோ என்று மனம் போகாத இடமில்லை. இழுத்துக்கொண்டு வந்திருந்தால் பக்கத்தில் இருந்திருப்பாரே என்றும் நினைத்தேன். கொக்கியைக் கழற்றச் சொன்னது நான்தானே. இறங்கி வந்த வழியே நடக்கத் தொடங்கினேன். லொறிகள் என்னை உரசுவது போலப் போயின.

கொஞ்சத் தூரத்தில் கார் வந்தது. என்னைக் கண்டு மெதுவாக நின்றது.

"ஏன் நடக்கிறீர்?" என்று கேட்டார். முன்சீட்டில் ஒரு கூடை ஸ்ட்ராபெரி இருந்தது. வயல் ஓரத்தில் ஆளில்லாத மேசையில் வைத்து விற்பார்களே, அதைக் கண்டு நிறுத்தியிருக்கிறார்.

கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இறங்கி வந்து, "உமக்குத்தான் வாங்கினனான். நான் ரெண்டு தின்னலாம் எண்டு தாதி சொன்னவள்," என்றார். பிறகு, "இனிச் சொல்லாமல் நிப்பாட்டமாட்டன்," என்றார்.

முகாமில் மணல்மேட்டுக்குப் பின்னால் எங்களுக்கு இடம் தந்திருந்தார்கள். கடல் தெரியாது, இரைச்சல் கேட்கும். சிகிச்சை நாட்களில் சின்னக் காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் கூட்டிவந்து படுக்க வைப்பேன். மற்ற நாட்களில் மணல்மேட்டில் ஏறுவோம். அவர் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினார். மேலே காற்று ஆளைத் தள்ளும். நாங்கள் முதுகை முதுகோடு சாய்த்து இருந்தோம்.

கடைசிக்கு முதல் நாள் பின்னேரம் அங்கே இருக்கும்போது கேட்டார்.

"நான் ஒருநாள் காணும் எண்டு சொன்னா, என்னோட சண்டை பிடிப்பீரோ?"

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. இனிப் போதும் என்று இயந்திரத்தை நிறுத்துவதைத்தான். எங்கள் முதியோர் இல்லத்தில் அப்படி நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிக நாள் இருக்கமாட்டார்கள்.

"இப்ப சொல்லுறியளோ?"

"இல்லை. பேரப்பிள்ளையைப் பாக்கவேணும். எண்டாலும் ஒருநாள் வரும்."

"அப்ப நான் பிடிப்பன்," என்றேன். "கொஞ்ச நேரம் பிடிப்பன். பிறகு விடுவன்."

"அது காணும்," என்றார்.

ஆகஸ்டில் பேரன் பிறந்தான். அவர் வலது கையில் வைத்திருந்தார். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை தொற்று வந்தது, இதயமும் தளர்ந்தது. மார்ச்சில் ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குப் போகக் காலணி போட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "காணுமப்பா," என்றார். நான் சொன்னபடியே சண்டை பிடித்தேன். டொக்டரோடும் கதைத்தோம், மகளும் வந்து அழுதாள். பிறகு விட்டேன்.

வீட்டு முன்னறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். புரொண்பியிலிருந்து அவருடைய தங்கை குடும்பத்தோடு வந்துவிட்டாள். வீட்டில் எல்லாருக்கும் படுக்க இடம் இல்லை. முற்றத்தில் நின்ற கேம்பரில் படுத்தார்கள். அவருடைய கட்டிலிலிருந்து பார்த்தால் அதன் ஜன்னல் தெரியும். மாலையில் அதற்குள் விளக்குப் போட்டார்கள். அவர் கனநேரம் கண் திறக்காமல் கிடந்துவிட்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"உள்ளுக்கு ஆர்?"

"உங்கட தங்கச்சியவை."

"குளிருக்குச் சூடு போட்டிருக்கினமோ?"

"ஓம். போட்டிருக்கினம். நான் போய்ப் பாத்தனான்."

"நல்லது," என்றார்.